கீழத்தெருக் குளத்தை வெட்டியது யார்

கருவேலங்குறிச்சியில் பெரியவீட்டு வேலாயுதம், கீழத்தெருக் குளம் தன் தாத்தா வெட்டியது என்று சொல்லி வேலி போட வந்தார். எதிர்த்துப் பேசியவள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் மாடத்தி ஒருத்திதான்.

"எங்க தெரு ஆளுங்க வெட்டுன குளம் ஐயா."

"அதுக்குக் காகிதம் வச்சிருக்கியா?"

விவகாரம் தாசில்தாரிடம் போனது; ஆதாரம் காட்ட அவர் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார். மாடத்தி சென்னைக்குப் போய் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தாள். மூன்று நாள் தேடியும் குளம் வெட்டியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான்காம் நாள் அவளுக்கு ஒன்று தோன்றியது. மண் வெட்டியவர்கள் சர்க்காருக்கு எதற்கு எழுதப் போகிறார்கள்? அது பிடிக்காதவர்தான் எழுதியிருப்பார். உடனே அந்தக் காலத்துப் புகார் மனுக்களைக் கேட்டு வாங்கிப் புரட்டினாள்.

விசாரணை நாளில், முத்திரையிட்ட நகல் ஒன்றை மடித்து, அடியிலிருந்த கையெழுத்தை மட்டும் வேலாயுதத்திடம் காட்டினாள்.

"இது யாரு கையெழுத்துங்கய்யா?"

அவர் முகம் மலர்ந்தது. "எங்க தாத்தாவோடதுதான். வீட்டுப் பத்திரம் எல்லாத்துலயும் இதே கையெழுத்துதான் இருக்கு."

தாசில்தார் அதைக் குறித்துக்கொண்டார். மாடத்தி மடிப்பைப் பிரித்து தாசில்தாரிடம் நீட்டினாள். அவர் உரக்க வாசித்தார்.

"கீழத்தெருவார் நாற்பது பேர் என் பேச்சைக் கேளாமல் ஊர்ப் பொதுநிலத்தில் குளம் வெட்டுகிறார்கள். அதை உடனே மூட உத்தரவிட வேண்டும்." தொடர்ந்து நாற்பது பெயர்களும் இருந்தன.

குளம் ஊருக்குப் பொது என்று தாசில்தார் எழுதிக் கையெழுத்திட்டார்.

மாடத்தி வேலாயுதத்தைக் கும்பிட்டாள். "உங்க தாத்தா ஒருத்தர் பேரையும் விடலை ஐயா. எங்க ஆளுங்களுக்கு அப்போ எழுதத் தெரியாது."