கற்பூரவள்ளிப் புதரும் பொடி மூட்டையும்

மூங்கில் காட்டுக் குட்டையோரம் ஒரு காட்டுக்கோழிக் கூட்டம் மேய்ந்து திரிந்தது. அந்தக் கூட்டத்தில் தவிட்டி என்றொரு பேடை இருந்தது. தவிட்டு நிறம், அதனால் அந்தப் பெயர். அதற்கு உலகமே அதன் குஞ்சுகள்தான்.

விடிந்ததும் தவிட்டி தன் குஞ்சுகளை எங்கே ஓட்டிக்கொண்டு போகும் தெரியுமா? புழுவுக்கும் இல்லை, பூச்சிக்கும் இல்லை. குட்டை மேட்டில் இருந்த கற்பூரவள்ளிப் புதருக்கு!

"முதல்ல இலையைக் கொத்துங்க! அப்புறந்தான் மத்ததெல்லாம்!"

"காரமா இருக்கும்மா!" என்று குஞ்சுகள் சிணுங்கும்.

"காரந்தான்! வயித்துல இருக்கிற கெட்டதுக்கு அந்தக் காரம் ஆகாது. தின்னுங்க!"

சிணுங்கிச் சிணுங்கித் தின்றன. கழிச்சலோ வேறு சீக்கோ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் குஞ்சுகள் கொஞ்சம் ஒல்லி. அதுதான் வினையாகப் போயிற்று.

கிளைதாவி என்றொரு குரங்கு அந்தக் காட்டில் இருந்தது. முட்டை என்றால் அதற்கு நாக்கு ஊறும். ஒருநாள் அது ஒரு மூட்டையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தது. மூட்டைக்குள் வெள்ளைப் பொடி.

"காட்டுக்கு வெளியே கோழிப்பண்ணை இருக்குல்ல? அங்கே தீவனத்துல கலக்குற மருந்து இது! தின்னா குஞ்சுங்க கிடுகிடுன்னு கொழுக்கும்! நீங்க அடுத்து இடுற முட்டையில எனக்குப் பங்கு குடுங்க, போதும்!"

"எங்களுக்குச் சீக்கே இல்லையே. மருந்து எதுக்கு?" என்று கேட்டது தவிட்டி.

"சீக்கு வந்தாத்தான் தின்னணுமா? வராம இருக்கத் தின்னு! கொழுக்கத் தின்னு!"

தவிட்டி சட்டை செய்யவில்லை. பக்கத்துப் பேடை மினுக்கிதான் முதலில் வாங்கியது. குரங்கு சொன்னது பொய்யில்லை. மினுக்கியின் குஞ்சுகள் கும்மென்று கொழுத்துவிட்டன! அப்புறம் மினுக்கியின் வாய் சும்மா இருக்குமா?

"ஏண்டி தவிட்டி, பெத்ததுக்கு இரையே போடறதில்லையா? எலும்பும் தோலுமா நிக்குதுங்க! இலையைத் தின்னுத் தின்னு ஆட்டுக்குட்டியா மாறப் போவுதா?"

கூட்டமே கெக்கலி கொட்டிச் சிரித்தது. தன்னைச் சொல்லியிருந்தால் தவிட்டி பொறுத்துக்கொண்டிருக்கும். பெற்ற குஞ்சுகளைச் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் பொறுக்கும்? மறுநாள் காலை தவிட்டியும் பொடி வாங்கிக்கொண்டது.

அதன் குஞ்சுகளும் கொழுத்தன. இலையை யாரும் சீந்தவில்லை. அடப்பாவமே, அதோடு விட்டதா கூட்டம்? கற்பூரவள்ளியின் அடியில் மண் பொலபொலவென்று இருந்தது. கோழிகளுக்கு மண் குளியல் என்றால் கேட்கவா வேண்டும்!

"இனிமே இந்தப் புதர் எதுக்கு? வேரோட கிளறுங்கடி, ஆசை தீரக் குளிக்கலாம்!" என்றது மினுக்கி.

எல்லாக் கோழிகளும் கிளறின. தவிட்டியும் தன் காலாலேயே கிளறியது. புதர் இருந்த இடத்தில் ஒரு குழிதான் மிஞ்சியது.

பிறகு அடைமழை பிடித்தது. மழையோடு கழிச்சலும் வந்தது. முதலில் மினுக்கியின் குஞ்சு ஒன்று சுருண்டது. பிறகு தவிட்டியின் மூத்த குஞ்சு இறக்கை தொங்கி, கண் செருகி நின்றது.

தவிட்டி பதறிப்போய்ப் பொடியை இரட்டிப்பாகக் கொடுத்தது. கேட்கவில்லை. அலகைத் திறந்து திணித்தது. அப்போதும் கேட்கவில்லை. மற்ற குஞ்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. தவிட்டி குரங்கிடம் ஓடியது.

"டேய் கிளைதாவி! உன் மருந்து ஏண்டா கேக்கல?"

"தினமும் தின்னா எப்படிக் கேக்கும்? சீக்குக்கு அந்தப் பொடி பழகிப்போச்சு! பண்ணையிலயும் இதே கதிதான். அதனாலதான் மூட்டையை வேலிக்கு வெளியே வீசிட்டாங்க."

"வீசிட்டாங்களா! அப்போ அந்தக் கோழிங்க இப்ப என்ன தின்னுது?"

"தீவனத்துல ஏதோ இலையோட எண்ணெயைச் சொட்டுச் சொட்டா விடறாங்க. என்ன வாசனைங்கறே! அட, உங்க மேட்டுல ஒரு புதர் இருந்துச்சே, அதே வாசனை!"

தவிட்டி அலறியது. "பாவி! இதை ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கலியே! எனக்கு முட்டைதானே முக்கியம்!" என்று சொல்லிக் குரங்கு கிளை மாறிப் போய்விட்டது.

தவிட்டி விழுந்தடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. குழி நிறைய மழைத்தண்ணீர். ஓரத்துச் சேற்றைக் கிளறிக் கிளறி, அழுகிய தண்டில் ஒட்டியிருந்த ஒரே ஒரு இலையை எடுத்தது. அதைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்து, கடைக்குட்டியின் அலகில் வைத்தது.

"தின்னு கண்ணு... அம்மா சொல்றேன்ல, தின்னு!"

கடைக்குட்டி அலகைத் திறந்தது. அதனால் விழுங்க முடியவில்லை. நல்லா இருக்கும்போது நாள்தோறும் தின்றால் வயிற்றைக் காக்கிற இலை அது. சாய்ந்துவிட்ட குஞ்சை எழுப்ப அதனால் ஆகாது. பொழுது சாய்வதற்குள் தவிட்டிக்கு ஒரு குஞ்சும் இல்லை. மினுக்கிக்கும் இல்லை.

மழை ஓய்ந்தது. ஈரமண்ணிலிருந்து ஈசல் கிளம்பியது. தவிட்டி ஓர் ஈசலைக் கொத்தி, இறக்கையைப் பிய்த்து, தரையில் வைத்து, "கொக், கொக், கொக்" என்று கூப்பிட்டது. யாரும் ஓடி வரவில்லை. அப்போதுதான் அதற்கு நினைவு வந்தது. வந்தும் என்ன, இன்னொரு தடவை கூப்பிட்டது. அந்த ஈசலை எறும்புகள் இழுத்துக்கொண்டு போயின.

ஆபத்துக்கென்று வைத்திருக்க வேண்டிய மருந்தை அன்றாடத் தீனியாக்கிக்கொண்டவர்களுக்கு, ஆபத்து வரும் நாளில் எந்த மருந்தும் கைகொடுக்காது.