ஏகாம்பரத்தின் பனிக்குடம்

ராணிப்பேட்டைக்கு வெளியே, பாலாற்று மணலைப் பார்த்தபடி ஒரு சிறிய மடம் இருந்தது. பெரியசாமி காலமான பிறகு அதைப் பார்த்துக்கொண்டவருக்கு வயது முப்பத்தாறு. ஊர் அவரைச் சின்னசாமி என்றது. அவருடைய சீடர் ஏகாம்பரமோ தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாமி அவரை ஐயா என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ஏகாம்பரத்துக்குப் பனிப் பைத்தியம் பிடித்திருந்தது.

மகன் பட்டாளத்தில், லடாக்கில் இருந்தான். முழங்கால் வரை பனியில் நிற்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தான். மண்டையைப் பிளக்கும் வெயிலில் உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, அதை வீட்டிலேயே செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. வழியைச் செல்போன் காட்டிக்கொடுத்தது. குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பரைக் கீறினால் பஞ்சுக்கு நடுவே ஒரு பொடி இருக்கும். அதை உதறி எடுத்துத் தண்ணீர் ஊற்றினால் பொங்கி வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும். மண்குடத்தில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் தொட்ட கை சில்லிடும். பொழுதுபோக்காகத்தான் ஆரம்பித்தார். பிறகு மனிதர் வேறு வேலையே பார்க்கவில்லை.

அந்தக் குடத்துக்குப் பனிக்குடம் என்று பெயரும் வைத்தார்.

"மாமா, அந்தப் பேர் வேணாமே" என்றாள் மருமகள் மேகலா.

"ஏம்மா? பனி இருக்கிற குடம் பனிக்குடம்தானே?"

அவள் சொல்ல வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள்.

மேகலா தாய் இல்லாத பெண். தலைப்பிரசவத்துக்கு அனுப்ப ஒரு தாய்வீடு இல்லை, இங்கே மாமியாரும் உயிரோடு இல்லை. "நான் இருக்கேன்டா, நீ கவலைப்படாம உன் வேலையைப் பாரு" என்று மகனிடம் வாய் நிறையச் சொல்லியிருந்தார் ஏகாம்பரம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை டிபன் டப்பாவில் பனியை எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

"தொட்டுப் பாருங்க சாமி."

சாமி தொட்டார். "குளிருது."

"எல்லாம் சரியா வந்திருக்கு. ஆனா பையன் அனுப்பின படத்துல இருக்கிற மாதிரி இல்ல. ஏதோ ஒண்ணு கொறையுது. என்ன குறைன்னுதான் புரியல. நீங்கதான் சொல்லணும்."

சாமி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பொடி எதுக்காகச் செஞ்சது ஐயா?"

"குழந்தைங்க ஈரம் பண்ணா அப்படியே குடிச்சுக்கும். ஒரு சொட்டு வெளிய விடாது."

"டயப்பர் எங்க வாங்கினீங்க?"

"வாங்கல சாமி. வீட்டுலயே இருந்தது."

"வீட்டுல குழந்தை இருக்குதா?"

"இனிமேதான் பொறக்கணும்."

"எப்போ?"

ஏகாம்பரம் வாயைத் திறப்பதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. மேகலாதான். குரல் மூச்சு வாங்கியது.

"மாமா... பனிக்குடம் உடைஞ்சிருச்சு."

"ஐயையோ!" ஏகாம்பரம் தலையில் கையை வைத்துக்கொண்டார். "பனிக்குடமா? எப்படிம்மா உடைஞ்சுது? சரி, பதறாதே. ஈரத்துணி போட்டுத் துடைச்சிடாதே, எல்லாம் வீணாயிடும். முறத்துல அள்ளி வை. நான் சாயங்காலம் வந்து பார்த்துக்கிறேன்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

"பனிக்குடம் உடைஞ்சிருச்சாம் சாமி" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். சாமியின் முகம் வெளுத்திருந்தது.

"வண்டியை எடுங்க."

"அவ்வளவு அவசரம் இல்ல சாமி, வேற குடம்..."

"எடுங்கன்னா எடுங்க!"

சாமி செருப்புகூடப் போடாமல் வந்து மொபெட்டின் பின்னால் ஏறிக்கொண்டார். ஏகாம்பரத்துக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. ஒரு மண்குடத்துக்காக வெறுங்காலோடு ஓடி வருகிற குரு யாருக்குக் கிடைப்பார்?

"எத்தனை மாசம் ஆச்சு?" என்று காற்றை மீறிக் கத்தினார் சாமி.

"நாலு மாசம் சாமி! சித்திரையில ஆரம்பிச்சேன்!"

"நாலு மாசத்துலயா உடைஞ்சுது!"

"மண்ணுதானே சாமி! எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

பிறகு காதுக்குப் பக்கத்தில் சாமியின் குரல் மெதுவாகக் கேட்டது.

"ஐயா. நான் கேட்டது உங்க மருமகளை."

வண்டி கோணிக்கொண்டு போய் சாலையோரத்தில் நின்றது.

அந்தச் சொல் ஏகாம்பரத்துக்குத் தெரியாததல்ல. பிள்ளை பெற்ற வீட்டில் இருந்தவர்தான். தெரிந்த சொல்லையே மறக்கிற அளவுக்குக் குடம் அவர் தலைக்குள் உட்கார்ந்திருந்தது. இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வெட்கப்பட்டு உள்ளே போனவள். காலையில் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றவள். "கொஞ்சம் நகரும்மா" என்று சொல்லிவிட்டுக் குடத்தை உள்ளே வைத்த தன்னுடைய கை.

"துடைக்காதேன்னு சொன்னேனே சாமி" என்றார். "முறத்துல அள்ளி வைன்னு..."

"ஓட்டுங்க" என்றார் சாமி.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. தரையெல்லாம் ஈரம். ஃபிரிட்ஜுக்குள் குடம் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

எதிர்வீட்டு அம்மாள் தெருவுக்கே வந்துவிட்டாள். "ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நானும் வரேன்னா வேணாம்னுட்டா. முறத்துல அள்ளி வைக்கச் சொன்னீங்களாமே! நீங்கல்லாம் மனுஷங்களாங்க?"

ஏகாம்பரம் வண்டியைத் திருப்பினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு திறந்து நர்ஸ் வந்தாள்.

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. இன்னும் கொஞ்சம் தாமதம் பண்ணியிருந்தா ஆட்டோவுலயே பொறந்திருக்கும்."

ஏகாம்பரம் நர்ஸைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நர்ஸ் போகவில்லை. அவள் கையில் மேகலா கொண்டுவந்த பை இருந்தது. அதிலிருந்து ஒரு டயப்பரை எடுத்து விரித்துக் காட்டினாள். பின்பக்கம் பிளேடால் கீறப்பட்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல் தொளதொளவென்று தொங்கியது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே.

"என்னங்க இது? ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல. யார் இப்படி வயித்தைக் கீறி அடுக்கி வெச்சது?"

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். பிரசவத்துக்குள் புதுசாக வாங்கி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். வெறும் உறையை மடித்துத் திரும்ப அடுக்கிவைத்தது அவருடைய தாலுகா ஆபீஸ் ஒழுங்கு.

சாமி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "பழந்துணி. துவைச்சதுதான்" என்று நர்ஸிடம் நீட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். மேகலா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஏகாம்பரம் கதவருகிலேயே நின்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அழுதார்.

"மேகலா, நான் அந்தக் குடம்னு நெனச்சிட்டேம்மா. என் வீட்டு மண்குடம்னு நெனச்சிட்டேன்."

அவள் மெல்லத் திரும்பினாள்.

"உங்க புள்ள கேட்டா நான் என்ன மாமா சொல்லட்டும்?"

"நடந்ததைச் சொல்லும்மா. நானே சொல்றேன்."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் கிடந்த குழந்தை சிணுங்கியது. அவளால் எழுந்திருக்க முடியவில்லை. வைத்துக்கொள்ள வீட்டு மனுஷர் வேறு யாரும் இல்லை.

"உட்காருங்க" என்றாள். "மடியில வெச்சுக்கத் தெரியுமா?"

நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். ஏகாம்பரம் மூச்சு விடவும் பயந்து உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் மடி வெதுவெதுப்பாக நனைந்தது. வேட்டியில் ஈரம் பரவிக் காலில் வழிந்து தரையில் சொட்டியது. திடுக்கிட்டு அவர் துணியைத் தேடிக் கையை நீட்டினார்.

"துடைச்சிடாதீங்க மாமா" என்றாள் மேகலா, கண்ணை மூடிக்கொண்டே. "முறத்துல அள்ளி வைங்க."

நீட்டிய கை நின்றுவிட்டது. அவள் உதட்டோரத்தில் இருப்பது சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை.

கதவருகில் நின்ற சாமி உள்ளே வந்து அவர் பக்கத்தில் குந்தினார்.

"காலையில ஒரு கேள்வி கேட்டீங்களே ஐயா. என்ன குறைன்னு."

"அது இப்ப எதுக்கு சாமி?"

சாமி ஒரு விரலால் நனைந்த வேட்டியைத் தொட்டார்.

"அந்தப் பொடியில ஒரு குறையும் இல்ல. இங்க இருக்க வேண்டியது அது."