முரசை விட்ட கை

அந்தக் காலத்தில், உடம்புக்குள் குடியிருந்தவையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. செங்கல் சூளையில் வேலை செய்த வீராயியின் நுரையீரலில் எண்ணற்ற காற்றறைகள் இருந்தன. ஒவ்வோர் அறைச் சுவரிலும் ஒரு காவலாள். அவர்களில் ஒருவன் தொட்டறிவான்.

அவனுக்குக் கண் இல்லை. சுவரைத் துளைத்து நீண்ட ஒரே கைதான் உண்டு. விரல்கள் அறைக்குள்ளே, முழங்கை சுவருக்குப் பின்னால், ஒரு முரசின்மேல். விரல்கள் எதையாவது பற்றினால் முழங்கை தானாக முரசை இடிக்கும். முரசு கேட்டால் இரத்தத்தில் திரியும் வெள்ளைப் படை சுவரின் மதகைத் திறந்துகொண்டு அறைக்குள் ஓடிவரும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அதுதான் அந்த வீட்டு வழக்கம்.

ஒருநாள் சூளை சரிந்தது. வீராயி கரும்புகையை விழுங்கிவிட்டாள். முரசு இடித்தது. படை வந்தது, வெட்டியது, வென்றது. ஆனால் முரசு ஓயவில்லை. மதகு வழியே நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அறைகள் ஒவ்வொன்றாக மூழ்கின.

வெளியே தங்கை சடச்சியின் குரல் கேட்டது. "அக்கா, உதடு நீலமாகுது. மூச்சை இழு, அக்கா."

"புகை இன்னும் இருக்கிறதா?" என்றான் தொட்டறிவான்.

"எப்போதோ போய்விட்டது," என்றான் படைத்தலைவன் வெள்ளையன். "நீ தட்டுகிறாய், நாங்கள் வெட்டுகிறோம். கேள்வி கேட்கிற காவலாளை இன்றுதான் பார்க்கிறேன்."

தொட்டறிவான் தன் பிடியில் இருந்ததை மெல்லத் தடவினான். வழவழப்பு பழகியதாக இருந்தது.

"வெள்ளையா, இது பகை இல்லை. நம் சுவரின் சில்லு. நீ உடைத்த சுவர்."

"அப்படியானால் விட்டுவிடு."

"விடத் தெரியாத கை இது. உன் அரிவாளால் அறு."

"அறுத்துவிட்டால், நாளை பகை வருவது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. நாளை என்று ஒன்று அவளுக்கு இருக்கட்டும்."

வெள்ளையன் சுவரை ஒட்டி அறுத்தான். கை நீரில் விழுந்தது. சிதறிக் கிடந்த சில்லுகளைப் பற்றிக்கொண்டு மிதந்தது. இடிக்க அதனிடம் முழங்கை இல்லை. அந்த முரசு அடங்கியது. அரிவாள் அடுத்த சுவருக்குப் போனது, அதற்கடுத்த சுவருக்கும். கடைசி மதகு மூடியது. அறைகளின் நீர் கைகளையும் சுமந்து மெல்ல இரத்தத்துக்குள் வடிந்தது. வீராயி ஒரு மூச்சு இழுத்தாள். சற்றுப் பொறுத்து, இன்னொன்று.

அன்று முதல்தான், நுரையீரல் புண்படும்போதெல்லாம் முரசில்லாத கைகள் இரத்தத்தில் மிதக்கின்றன, உடைந்ததைச் சத்தமின்றிப் பற்றியபடி. சில நேரங்களில் அவை போதுவதில்லை.