செயலிழந்த சிறுநகரம்

பனிக்குள்ளிருந்து ஒரு குரல் படித்துக்கொண்டே மேலேறி வந்தது.

"மூன்றே வாரத்தில் சிறுநீரகம் புதிதாகும்... டயாலிசிஸ் தேவையே இல்லை..."

மடத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அமுதவல்லி அம்மா நிமிர்ந்தாள். குரலுக்குப் பின்னால் ஒரு குடை. குடைக்குக் கீழே ஒரு போன். அதன் வெளிச்சத்தில் மாசிலாமணியின் முகம். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். அதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

"என்ன ஐயா, இப்பவும் தபாலை வழியிலேயே பிரிச்சுப் படிக்கிறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை.

"வீட்டுக்காரி செங்கமலத்துக்கு ரெண்டு கிட்னியும் போச்சு, தாயே. இன்னிக்குச் சாயங்காலம் டயாலிசிஸ் ஆரம்பிக்கணுங்கிறாங்க. வர மாட்டோம்னு சொல்லிட்டேன். இந்த வேரைக் கஷாயம் வெச்சாப் போதுமாம். நீங்க தொட்டுக் கொடுங்க."

பையைத் திறந்து காட்டினார். வேரில் ஈரமண் ஒட்டியிருந்தது. அவள் தொடவில்லை.

"போதும்னு சொன்னது யாரு?"

"ஒருத்தர் ரெண்டு பேரா? தேடினா பக்கம் பக்கமா வருது. அத்தனை பேருமா பொய் சொல்வாங்க?"

"என்னன்னு தேடினீங்க?"

"கிட்னியைக் குணமாக்கும் வேர்னு."

"குணமாக்குமான்னு கேக்கலையா?"

அவர் குடையை மடக்கினார்.

"முதல்ல படிச்சீங்களே, அந்த வரியை இன்னொரு தடவை படிங்க. எழுத்தெழுத்தா."

"மூன்றே வாரத்தில்... சி... று... ந..." நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சிறுநகரம்னு இருக்குது, தாயே. மூன்றே வாரத்தில் சிறுநகரம் புதிதாகும்."

"வழியெல்லாம் சிறுநீரகம்னுதானே படிச்சுட்டு வந்தீங்க?"

"கண்ணே திருத்திக்கிச்சு. எழுத்துப்பிழைதானே, விடுங்க."

"விட வேண்டாம். பிழையோட அந்த வரியை அப்படியே இரட்டை மேற்கோளுக்குள்ள போட்டுத் தேடுங்க. அதே சொல், அதே வரிசையில இருக்கிற பக்கம் மட்டும்தான் வரும்."

தேடினார். வந்துகொண்டே இருந்தன. பச்சை நிறத்தில் ஒரு தளம், காவி நிறத்தில் ஒரு தளம், வெள்ளைக் கோட்டு போட்ட படத்தோடு ஒரு தளம். வேறு வேறு பெயர்கள். எல்லாவற்றிலும் அதே சிறுநகரம் மூன்றே வாரத்தில் புதிதாகிக்கொண்டிருந்தது.

"கண்ணை மூடுங்க, ஐயா. அந்த ஊருக்குத் தபால் கொண்டு போங்க."

மூடினார். பனி வந்து அவர் தோள்வரை மூடியது. தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"தெரு நீளமாப் போகுது. வீடெல்லாம் புதுப் பெயின்ட். ஒரு வீட்லயும் பேர்ப்பலகை இல்ல, கதவெண் இல்ல. ஒரு கதவைத் தட்டுறேன்."

"யாரு திறக்கிறாங்க?"

"ஒரு ஆள். வாங்க வாங்கன்னு சிரிக்கிறான். கையில பொடி டப்பா வெச்சிருக்கான். பக்கத்து வீட்டைத் தட்டுறேன்... அவனேதான். சட்டை மட்டும் வேற."

"எதிர் வீடு?"

"போதும், தாயே."

கண்ணைத் திறந்தார். "அப்ப வேற எப்படித்தான் தேடறது?"

"ஆசையை எடுத்துட்டுத் தேடுங்க. வேரோட பேர், சிறுநீரகம், பாதிப்பு. அவ்வளவுதான். பக்கத்தில சைட்டுன்னு ஆங்கிலத்தில அடிச்சு, மேலயும் கீழயுமா ரெண்டு புள்ளி, அதான் முக்காற்புள்ளி, வெச்சு, கல்லூரித் தளங்களோட முகவரி எதில முடியுமோ, ஏசி டாட் இன் மாதிரி, அதை மட்டும் போடுங்க. அந்தத் தெருக்களுக்குள்ள மட்டும் போய்ப் பார்க்கும்."

இரண்டே பக்கங்கள் வந்தன. வேறு வேறு ஊர், வேறு வேறு ஆட்கள். ஒருவர் எழுதியது போல இன்னொருவர் எழுதவில்லை. மேலே டாக்டர்களின் பெயர்கள், மருத்துவக் கல்லூரி, தேதி, சந்தேகம் கேட்க ஒரு முகவரி. அந்த வேரைக் குடித்தவர்களின் ரத்தத்தில் எது ஏறியது, எது இறங்கியது என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள். பலருக்குப் பாதிப்பு கூடியது என்று இருவருமே எழுதியிருந்தார்கள். எங்களுக்கு இன்னும் தெரியாதவை என்று ஒருவர் தனியாக ஒரு பத்தியே எழுதியிருந்தார்.

மாசிலாமணி இரண்டையும் கடைசி வரை படித்தார்.

"ஆறுதலா ஒரு வார்த்தைகூட இல்லையே, தாயே."

"கையெழுத்து இருக்குதே, ஐயா."

போன் அடித்தது. செங்கமலம். மடத்து வாசல் முழுக்கக் கேட்டது.

"தண்ணி கொதிச்சு வத்தியே போச்சு. வேர் வருதா, இல்ல உங்க தாயி அதையும் சாமிகிட்ட வெச்சுட்டாங்களா?"

"அடுப்பை அணைச்சுடு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். வண்டி சொல்றேன்."

"காலையில வேண்டாம்னு குதிச்சீங்க. இப்ப அவங்க போகச் சொல்லிட்டாங்களாக்கும்?"

"அவங்க ஒண்ணும் சொல்லல." அவர் பையின் வாயைச் சுருக்கிக் கட்டினார். "நானே படிச்சேன்."

அமுதவல்லி அம்மா அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தாள்.