நூலில் பார்த்த நாடி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் நெடுங்கோட்டை நாட்டைக் கோச்சேந்தன் என்று ஒரு ராஜா ஆண்டான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறு சொல்வான். ஏழைகளுக்கு வைத்தியசாலை கட்டினான். அங்கே எல்லோரும் சமம் என்று தம்பட்டம் அடித்தான்.

சமமாம். அரண்மனை வைத்தியர் பெருந்தேவர் ஊர்க்காரர்களுக்குக் கையைப் பிடித்து நாடி பார்ப்பார். சேரிக்காரர்கள் என்றால் மணிக்கட்டில் நூலைக் கட்டச் சொல்லி, மறுமுனையைத் தள்ளி நின்று பிடித்துக்கொள்வார். தொடமாட்டார்.

சேரியிலிருந்து வேம்பி என்ற நடவுக்காரியைத் தூக்கி வந்தார்கள். உடம்பு அனலாய்க் கொதித்தது. வைத்தியர் நூலைப் பிடித்தார். "சோம்பேறி நாடி. வேலைக்குப் போகச் சொல்." வாசலுக்கு வெளியே போட்டுவிட்டார்கள்.

மந்திரி மாறனார் அவளைச் சபை வாசலுக்குத் தூக்கிவரச் செய்து, உள்ளே போய் முறையிட்டார். பெருந்தேவருக்கு அவரை எப்போதுமே ஆகாது.

"மந்திரியார் எப்போது வைத்தியம் படித்தார்? விரல் சொல்வதை என் நூலும் சொல்லும், மகாராஜா."

"மாறா, நூல் பொய் என்று பொழுது சாய்வதற்குள் நிரூபி," என்றான் ராஜா. "இல்லாவிட்டால் அவள் வாசலை விட்டுப் போகட்டும், நீ நாட்டை விட்டுப் போ."

ராஜாவுக்கே அன்று காய்ச்சல். கஷாயத்துக்குப் பயந்து யாரிடமும் சொல்லவில்லை. சால்வைக்குள் நடுங்குவதை மாறனார் பார்த்துவிட்டார். கிட்டே போய்க் காதில் ஏதோ சொன்னார். ராஜா முறைத்தான். பிறகு எழுந்து உள்ளே போனான்.

சபை நடுவில் திரை கட்டினார்கள். அடியில் ஒரு நூல் வெளியே வந்தது.

"சேரி ஆள் ஒருவர். என்ன நோய் என்று சொல்லுங்கள்," என்றார் மாறனார்.

பெருந்தேவர் நூலைப் பிடித்துக் கண்ணை மூடினார். திறக்கவே இல்லை. மாறனார் நூலையே பார்த்தார். ஒருவேளை இந்த ஆளிடம் நூல் உண்மையிலேயே பேசுமோ? வாசலில் வேம்பியின் முனகல் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

"அதே சோம்பேறி நாடி," என்றார் வைத்தியர். "தின்றுவிட்டுப் படுத்திருக்கிற உடம்பு. நாலு அடி போட்டால் சரியாகிவிடும்."

திரை விலகியது. மணிக்கட்டில் நூலோடு ராஜா.

"நாலு அடியை யார் போடுவது, வைத்தியரே?"

"தங்கள் கை என்று தெரிந்திருந்தால் தொட்டே பார்த்திருப்பேனே, மகாராஜா."

"அதைத்தான் மாறன் சொன்னான்." ராஜா நூலை அறுத்தான். "வேம்பியை உள்ளே கொண்டுவாருங்கள். முதலில் அவள் கையைப் பிடியும். அப்புறம் என் கை. நடுவில் கை கழுவக் கூடாது."

பெருந்தேவர் சபையைச் சுற்றிப் பார்த்தார். வேம்பியைக் கொண்டுவந்து அவர் முன்னால் கிடத்தினார்கள். குனிந்து அவள் கையைப் பிடித்தார்.

"நெருப்பாய்க் கொதிக்கிறது," என்றார் மெதுவாக.

மாறனாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ராஜா முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். வைத்தியசாலை நூலெல்லாம் அன்றே அடுப்புக்குப் போனது. அந்த அடுப்பில்தான் வேம்பிக்குக் கஷாயம் கொதித்தது.

ராஜாவுக்கும் அதே பானைதான். அதே கசப்புதான்.