கொம்பையாவின் இடுப்பு

"பார்த்துப் பார்த்துக் கண்ணுதான் வலிக்குது, டாக்டரம்மா. என் கைக்கு எப்போ வேலை?"

கேட்டவர் ஞானதுரை மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். முதுகெலும்பு தேய்ந்து குனிய முடியாமல் கிடந்தவரை டாக்டர் ஜுலைகா எழுப்பி நடமாட வைத்தார். அந்த வேகத்தில், ஐம்பதை நெருங்கும் வயதில் முதுகெலும்புச் சிகிச்சை படித்துத் தேறி, அவரிடமே பயிற்சிக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

ஜுலைகா அவரைவிட ரொம்ப இளையவர்.

"கை என்ன செய்யணும்னு துடிக்குது, மாஸ்டர்?"

"சொடக்கு எடுக்கணும்! நீங்க இடுப்பைத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம் வருதே, அது என் கையிலயும் வரணும்."

ஜுலைகா சிரித்தார். 

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மார்க்கெட்டில் வாழைத்தார் சுமக்கும் கொம்பையாவை அவர் மனைவி பேச்சித்தாய் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். பழைய நோயாளிதான். இடுப்பு டிஸ்க் தேய்ந்திருந்தது. தேய்ந்ததை மாற்ற முடியாது, மிச்சம் இருப்பதைப் பத்திரமாக வைத்து ஓட்டலாம் என்று சொல்லி ஜுலைகா பார்த்து வந்தார்.

"மாஸ்டர், இன்னைக்கு நீங்க பாருங்க."

மாஸ்டர் துள்ளி எழுந்தார். கையைக் கழுவினார். துடைத்தார். சந்தோஷத்தில் மறுபடியும் கழுவினார்.

ஜுலைகா அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"வலி எங்கே, கொம்பையா?"

"வலி கொறஞ்சிட்டு மாஸ்டர். காலுதான் ரெண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கு. ஒரே ஒரு சொடக்கு எடுத்துவிடுங்க, எந்திரிச்சு ஓடிருவேன்."

கொம்பையாவே கேட்டுவிட்டார்!

அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார் மாஸ்டர். ஒரு கையைத் தோளில் வைத்தார். மறு கையை இடுப்பில் பொருத்தினார். விரலுக்கடியில் எலும்பு தெரிந்தது. மூச்சை இழுத்தார். ஓர் அழுத்தம்தான் பாக்கி.

ரெண்டு காலுமா மரத்திருக்கு? அழுத்தப் போன மாஸ்டர் அப்படியே நின்றார்.

"கொம்பையா, ஒண்ணுக்குப் போனீங்களா?"

கொம்பையா கூச்சப்பட்டுச் சுவரைப் பார்த்தார். பேச்சித்தாய்தான் சொன்னாள்.

"காலையில இருந்து போகல மாஸ்டர். முட்டிக்கிட்டு நிக்கி, வர மாட்டேங்கு."

மாஸ்டர் தொடையின் உள்பக்கம் மெல்லக் கிள்ளினார்.

"தெரியுதா?"

"எது?"

மாஸ்டர் கையைச் சட்டென்று எடுத்தார். அடுத்த நொடி வாசலில் நின்று, மைதானமே அதிரும் தன் பழைய குரலில் கத்தினார்.

"ஆட்டோ! போயிராதே! நில்லு!"

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அந்தக் குரல் ஓயவில்லை. "வழி விடுங்க! வழி விடுங்க!" என்று சாலையையே விலக்கிக்கொண்டு போனார். அதற்குள் ஜுலைகா அங்கிருந்த அறுவை மருத்துவரிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். பிதுங்கிய டிஸ்க், கால்களுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இறங்கும் நரம்புக் கொத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு சொடக்கு விழுந்திருந்தால் கால் ரெண்டும் போயிருக்கலாம். அன்றைக்கே அறுவை சிகிச்சை நடந்தது.

பிறகு காத்திருப்பு. கொம்பையாவின் கால் விரல்கள் அசைந்தன. ஆனால் சிறுநீர் இறங்கப் பொருத்தியிருந்த குழாயை எடுத்த பிறகு என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை.

குழாயை எடுத்த அன்று மாஸ்டரும் ஜுலைகாவும் வார்டுக்கு வெளியே நின்றார்கள். மாஸ்டர் நகத்தைக் கடித்துத் தீர்த்திருந்தார்.

கதவு படாரென்று திறந்தது.

"மாஸ்டர்! போயிட்டாரு! தானாவே ஒண்ணுக்குப் போயிட்டாரு!"

பேச்சித்தாய் போட்ட கூச்சலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் குதித்தார். முன்பின் தெரியாத ஒரு வார்டு பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் கொட்டியது.

திடீரென்று அவர் முகம் வெளுத்தது.

"டாக்டரம்மா, அன்னைக்கு என் கை எலும்பு மேலயே இருந்துச்சு. அழுத்தியிருப்பேனே! நீங்க ஏன் தடுக்கலை?"

"தடுக்கத்தான் உங்க பின்னாடி வந்து நின்னேன். உங்க கையைப் பிடிக்க என் கையும் நீண்டுச்சு, மாஸ்டர். அதுக்குள்ள நீங்களே எடுத்துட்டீங்க."

மாஸ்டர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாளையிலேருந்து," என்றார் ஜுலைகா, "நான் வெளி அறையில உட்கார்ந்துக்கறேன். உள்ளே நீங்க தனியாவே பாருங்க."