தொண்ணூறு நாளும் கால் மணி நேரமும்

சோழிங்கநல்லூரில் கம்பெனி வேலை பார்க்கும் மங்கையர்க்கரசிக்குப் பதினொரு நாளாகச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் இல்லை, வயிற்றுக் கோளாறும் இல்லை. திருச்சியில் அவளுக்குப் புது வேலை கிடைத்திருந்தது, அதுதான் காரணம்.

நல்ல சேதிக்கு யாராவது பயப்படுவார்களா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்பவர்கள் வேலை மாறிப் பார்த்ததில்லை.

திருச்சியில்தான் அவள் மகள் நிறைமதி, நாத்தனார் வீட்டில் வளர்கிறாள். எட்டு வயசு. கணவருக்கு மஸ்கட்டில் வேலை. மூன்று வருஷமாக மங்கையர்க்கரசி மாசத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போய், மகளுக்குத் தலை பின்னிவிட்டு, மறுநாளே திரும்பிவிடுவாள். இந்த வேலையில் சேர்ந்துவிட்டால் தினமும் பின்னிவிடலாம். இது கைநழுவினால் இன்னும் எத்தனை வருஷமோ, அவளுக்கே தெரியாது.

புது ஆபீஸ் முப்பது நாளில் வந்து சேரச் சொன்னது. தாண்டினால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று கறாராகவே சொல்லிவிட்டார்கள். பழைய ஆபீஸின் சட்டமோ தொண்ணூறு நாள். ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து தொண்ணூறு நாள் இருந்து, எல்லாவற்றையும் ஒப்படைத்தால்தான் விடுவிப்புக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதம் இல்லாதவளைத் திருச்சியில் எத்தனை நாள் வைத்திருப்பார்களோ.

விண்ணப்பத்தில் நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்ற கட்டத்தில் அவள் ‘நெகோஷியபிள்’ என்று போட்டிருந்தாள். பேசிக்கலாம் என்று அர்த்தம். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். போட்டவர்களில் பாதிப் பேர் அதற்கப்புறம் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை. இவளும் திறக்கவில்லை.

யாரிடம் திறப்பது? மேனேஜர் கோதண்டபாணியிடம் அல்லவா போய் நிற்க வேண்டும். கத்துகிற மனுஷர் இல்லை அவர். கத்தினால்கூடத் தேவலை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சும்மா பார்ப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் லீவு கேட்கவே இவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

போன வருஷம் சகாயநாதன் என்றொருவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். அவன் பெயருக்கு எதிரே ‘ஆப்ஸ்காண்ட்’ என்று எழுதினார்கள். ஓடிப்போனவன் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்த பதிவுத் தபாலை அவனுடைய அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கிப் படித்துவிட்டு, பிள்ளை எதையோ திருடிவிட்டான் என்று நினைத்து இரண்டு நாள் எழுந்திருக்கவில்லையாம்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பயத்தைச் சுமந்துகொண்டு அவள் செங்கல்பட்டுக்கு அப்பால் இருக்கும் சின்ன மடத்துக்குப் போனாள். அங்கே இருக்கும் அடிகள் அவளைவிட ஐந்து வயசு சின்னவர். ஆனாலும் அவள் அவருக்குச் சிஷ்யை. வயசைப் பார்த்தா ஒருவரிடம் போய் உட்காருகிறோம்?

அடிகள் அப்போது மடப்பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் அவ்வளவு நன்றாக இல்லை. அவள் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. முப்பது நாளையும் தொண்ணூறு நாளையும் கோதண்டபாணியையும் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

“விடமாட்டேங்கிறாங்க சாமி.”

“கேட்டீங்களா?”

“இல்லை.”

“அப்புறம் யாரு விடமாட்டேன்னது?”

அதற்குள் மடத்துச் சமையல்காரர் ஏழுமலை வெளியே வந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நின்றார். அன்று காலையில்தான் அவர் அடிகளிடம் சொல்லியிருந்தார், திண்டிவனத்தில் மருமகன் சாப்பாட்டுக் கடை திறக்கிறான், பத்து நாளில் தான் அங்கே இருந்தாக வேண்டும் என்று. பதினான்கு வருஷம் இந்த மடத்தில் சமைத்தவர். இப்போது பதில் கேட்க வந்திருக்கிறார்.

“மூணு மாசம் இருந்துட்டுப் போங்க, ஏழுமலை” என்றார் அடிகள்.

மங்கையர்க்கரசிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இங்கேயுமா தொண்ணூறு நாள்? சாமியுமா? ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு மறுத்துப் பேசி வழக்கமில்லை. அந்த நிற்பைப் பார்க்க அவளுக்குத் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோதண்டபாணியிடம் வராத வாய் அடிகளிடம் வந்துவிட்டது.

“ஏன் சாமி மூணு மாசம்? அவருக்கு அவசரம் இருக்கு இல்லையா?”

“பயமா இருக்கும்மா.”

அவர் விளையாடவில்லை. மத்தியானம் அறுபது பேர் இலையில் உட்காருவார்கள், ஏழுமலை போய்விட்டால் அவர்கள் பட்டினியாக எழுந்து போவார்கள், காலையிலிருந்து கண்ணை மூடினால் அந்தக் காலி இலைகள்தான் தெரிகின்றன என்று சொன்னார். காவி கட்டியவருக்கு இப்படிப் பயமா என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது, அடக்கிக்கொண்டாள்.

பிறகு அவள் ஆபீஸில் பழகிய பழக்கம் தலைதூக்கியது. என்ன தெரியும், என்ன தெரியாது என்று அடிகளைத் துருவித் துருவிக் கேட்க ஆரம்பித்தாள். காய் நறுக்க ஆள் இருக்கிறதா? இருக்கிறது. குழம்பு? பக்கத்து ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் வைத்துவிடுவார்கள். அடுப்பு? அடிகளே மூட்டுவார். கடைசியில் பார்த்தால் பயம் ஓர் இடத்தில்தான் குந்தியிருந்தது. பெரிய அண்டாவில் வெந்த சோற்றை, வாயில் துணி கட்டிச் சாய்த்துக் கஞ்சி வடிக்க ஏழுமலை ஒருவருக்குத்தான் தெரியும். ஒரு தடவை அடிகள் முயன்று பார்த்து, மொத்தச் சோறும் தரையில். கால் கொப்புளம் ஆற ஒரு மாசம் ஆனதாம்.

“அது எவ்வளவு நேர வேலை?” என்று ஏழுமலையைக் கேட்டாள்.

“கால் மணி நேரம்மா” என்றார் ஏழுமலை.

“கால் மணி நேர வேலைக்கா சாமி மூணு மாசம் கேக்கறீங்க?”

அடிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. ஏழுமலை ஒரு பக்கம், அடிகள் மறுபக்கம். துணியை எங்கே முடிச்சுப் போடுவது, எந்தக் காலைப் பின்னால் வைப்பது, சாய்க்கும்போது முகத்தை எந்தப் பக்கம் திருப்பிக்கொள்வது என்று ஏழுமலை சொல்லச் சொல்ல அடிகள் செய்தார். ஆவி மூஞ்சியில் அடித்தபோது சாமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதை மங்கையர்க்கரசி பார்த்தாள். கஞ்சி வடிந்தது. நாலு பிடி சோறு கீழே விழுந்தது, அவ்வளவுதான்.

“நாளைக்கும் நானே வடிக்கறேன்” என்றார் அடிகள், மூச்சு வாங்க. “நீங்க பத்தாம் நாள் கிளம்புங்க.”

ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு குழம்பைப் பார்க்கப் போனார்.

அவளும் அடிகளும் வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றார்கள். அடிகள் சிவந்துபோன உள்ளங்கையை ஊதிக்கொண்டார். கோதண்டபாணிக்கும் ஓர் அண்டா இருக்கும், போய்க் கேளுங்கள் என்றார்.

அதைக் கேட்டதும் மங்கையர்க்கரசிக்கு வந்த தைரியம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. அண்டா இருப்பது அவளுக்குத் தெரியாதா என்ன. பத்து வருஷப் பழைய மென்பொருள் ஒன்று அவள் தலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஒருவருக்கும் அதன் தலை எது வால் எது என்று தெரியாது. கேட்டால் அவர் கண்ணாடியைக் கழற்றுவார். முடியாது என்பார். அதற்கப்புறம் அவள் போகவும் முடியாது, அங்கே இருக்கவும் முடியாது. திருச்சி போய்விடும். நிறைமதி போய்விடுவாள்.

அப்போதுதான் மறைத்து வைத்திருந்ததைச் சொன்னாள். அவள் யோசனை கேட்க வரவில்லை. முடிவு பண்ணிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் மேஜைமேல வெச்சிட்டு பஸ் ஏறிடப் போறேன் சாமி. போனை அணைச்சிடுவேன். சகாயநாதன் மாதிரி என் பேரையும் எழுதிக்கட்டும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால முடியாது.”

அடிகள் உள்ளங்கையை ஊதுவதை நிறுத்தினார். மடப்பள்ளியில் பாத்திரச் சத்தம் கேட்டது.

“மூணு வருஷத்துக்கு முன்னால மகளை விட்டுட்டு மெட்ராஸ் வந்தீங்களே, அன்னிக்கு அவகிட்ட என்ன சொன்னீங்க?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

“ஒண்ணும் சொல்லலை. தூங்கிட்டு இருந்தா. எழுப்பினா அழுவா, அதைப் பார்த்துட்டு என்னால கிளம்ப முடியாதுன்னு…”

“எந்திரிச்சு என்ன பண்ணாளாம்?”

“கதவுகிட்டயே உக்காந்துட்டாளாம். நாலு நாள். யாரு கூப்பிட்டும் வரலையாம், அங்கயே படுத்துத் தூங்கினாளாம்.” அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பிறகு சண்டைக்கு நிற்பவள்போலச் சொன்னாள்: “கோதண்டபாணி குழந்தை இல்லையே சாமி.”

“அன்னிக்கும் இன்னிக்கும் சொல்லாம கிளம்பறது நீங்கதானேம்மா” என்றார் அடிகள்.